இரவல் களம்

கூத்தாடுகிறவனை ஊர் அறியும். கூத்தை நடத்துகிறவனையோ, அவன் மறைந்த பிறகு மாசி மாதம் வந்து, யாரிடம் எதை எப்போது கேட்பதென்று தெரியாமல் திகைத்து நிற்கும்போதுதான் அறியும். இலங்கை மலைநாட்டின் டயகமத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பகலில் மலையில் வேலையும் இரவில் காமன் கூத்துமாக ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், இந்த நடத்துகிற தொழிலின் இயல்பைப் பற்றிச் சில விஷயங்களை எழுதி வைப்பது உசிதமென்று தோன்றுகிறது. தொழில் என்று சொல்லுகிறேனேயொழிய, இதற்குச் சம்பளமும் இல்லை, செக்ரோலில் பெயரும் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை நிறைய உண்டு, அந்த வித்தையில் பாதிக்கு மேற்பட்டது இரவல் வாங்குவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுமே ஆகும்.

தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக வளைந்து வளைந்து ஏறுகிற பாதை, ஹோர்ட்டன் சமவெளியின் காடு தொடங்குகிற மலைச்சரிவை நெருங்கும் இடத்தில் எங்கள் தோட்டங்கள் இருக்கின்றன. இந்த மலைநாட்டைத் திறந்த வெள்ளைக்காரத் துரைமார் தமக்கென்று கட்டிக்கொண்டவை பல. அவர்களுக்குப் பங்களா இருந்தது, கிளப் இருந்தது, தேவாலயமும் இருந்தது. டிக்கோயாவில் 1878ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வோர்லி தேவாலயத்தின் கருங்கற் சுவர்களையும் வர்ணக் கண்ணாடிச் சாளரங்களையும், பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயத்து மயானத்தில் இருக்கும் ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற அம்மையாரின் சமாதியையும் நான் நேரிற் கண்டிருக்கிறேன். புகைப்படக் கலையில் உலகப் புகழ் பெற்ற அந்த அம்மையார், இந்நாட்டுக்கு வந்து எளிய ஜனங்களின் முகங்களைப் படம் பிடித்து, 1879இல் இந்த மலைகளிலேயே உயிர் நீத்தார். பாடுவதற்கும் பிரார்த்திப்பதற்கும் ஒருவரையொருவர் காண்பதற்கும் கல்லால் ஓர் இடம் அமைத்துக்கொள்ள அவர்களுக்கு இயன்றது. குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்குக்கூடச் சொந்தக்காரர் அல்லாத நம்மவர்களுக்கோ, வேலைக்கு ஆட்பிரிக்கும் பெரட்டுக் களமே, இரவில் இரவலாகக் கிடைத்தால், கோயிலும் கொட்டகையும் சபையும் ஆயிற்று.

காமன் கூத்தை நம் முன்னோர் கையில் எடுத்து வரவில்லை. கையில் எடுத்து வர அவர்களிடம் யாதொன்றும் இருக்கவில்லை. திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம், மதுரை முதலிய ஜில்லாக்களிலிருந்து முதலில் கோப்பிக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் வந்தவர்கள், பாட்டையும் அடவையும் ஞாபகத்தில் மாத்திரமே சுமந்து வந்தார்கள். தவத்திலிருக்கும் ஈசன்மேல் மலர்க்கணை தொடுக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுவதும், தீய கனாக் கண்ட ரதி போக வேண்டாமென்று தடுப்பதும், தடையை மீறிப் போனவன் நெற்றிக்கண்ணின் அனலில் சாம்பலாவதும், அவள் புலம்பலுக்கு இரங்கி அவள் கண்ணுக்கு மட்டும் அவன் உருக்கொண்டு எழுவதுமான அந்தக் கதை, மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றுவதில் தொடங்கி, அதனையடுத்த பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பதுவரை இரவு இரவாக நடைபெறும்.

இந்தக் காலக் கணக்கு எங்கள் தேயிலைக்கும் இசைந்து போனது ஒரு விசேஷம். டிம்புளப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்று வீசும். கொழுந்து குறையும், குறைந்த கொழுந்திலேதான் உயர்ந்த வாசனைத் தேயிலை கிடைக்கும். இரவில் உறைபனி விழுந்து, விடியும்போது புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். பள்ளத்திலுள்ள செடிகள் கருகிப் போவதும் உண்டு. கொழுந்து சுருங்கிய அந்நாட்களில் ஜனங்களுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கிறது. சித்திரை மழை இறங்கிக் கொழுந்து பொங்கிவிட்டால், பிறகு எந்தத் துரையும் கூத்துக்கென்று ஓர் இரவும் விட்டுக்கொடுக்க மாட்டார். இராமுழுதும் கண்விழித்த கைகள் மறுநாள் கொழுந்து பறிக்கும் வேகத்தை அவர் அறிவார். ஆகவே கூத்தை நடத்துகிறவன் பஞ்சாங்கத்தை ஒரு கையிலும் கொழுந்தின் நிறுவையை மறு கையிலும் வைத்துக்கொண்டே நாள் குறிக்க வேண்டும்.

என்னை இந்த வேலையில் பழக்கிய வாத்தியார் எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். ஆனால் ரதியின் பகுதி முழுவதும் மனப்பாடம். பாட்டைச் சொல்லித் தருமுன்னே அவர் எனக்குக் கற்பித்தது, கேட்கும் கிரமம். "மொதல்ல யார்கிட்ட போவ?" என்று ஒருநாள் கேட்டார். பெரிய துரையிடம் போய்க் களத்துக்கு உத்தரவு வாங்குவேன் என்றேன்.

"தொரை கடைசிடா தம்பி. அவரு வேணாம்னாலும் வேற எடம் பாத்துக்கலாம். தப்புக்காரங்க வேணாம்னா எங்க போவ? வெத்தலையக் கையில குடுத்துக் கேளு. தரையில வைக்காத."

சாதியின் பெயரால் தப்பு வாசிப்போரைக் கடைசி லயத்தில் குடிவைத்து, சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர்களை அழைத்து, அழைத்த வீட்டின் திண்ணைக்குக் கீழே நிறுத்திவைத்த காலம் அது. கூத்துக்கு ஜீவன் தப்பிலே இருக்கிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அந்த ஜீவனை உண்டாக்குகிற மனிதனுக்கு முதல் வெற்றிலையைக் கையில் கொடுக்கச் சம்மதிப்பவர் சிலரே. வாத்தியார் அந்தக் கிரமத்தை மாற்றினார். அதனால் முணுமுணுத்தவர்கள் உண்டு. ஒரு வருஷம் இரண்டொரு வீட்டார் கூத்துப் பக்கமே வராமல் இருந்ததும் உண்டு. அவரோ ஒருவரிடமும் வாதாடவில்லை. மறு வருஷமும் அதே கிரமத்தில் கேட்டார், அதற்கடுத்த வருஷமும் அப்படியே கேட்டார். பிறகு அதுவே சம்பிரதாயமாகிவிட்டது.

தப்பைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை கொண்டு தோலை இழுத்து ஒட்டிய அவ்வாத்தியம், எங்கள் மலையின் பனிக்கு ஒரு நாழிகைகூடத் தாங்காது. மூடுபனி இறங்கினால் தோல் தளர்ந்து, ஓசை அடங்கி, கட்டையில் அடிப்பதுபோல் ஆகிவிடும். அதனால் களத்தின் ஓரத்தில் ஒரு தீ எப்பொழுதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு தப்பு வாசிக்கும்போது மற்றொன்று தீயில் காய வேண்டும். காய்ச்சுகிறவன் தோலில் விரலால் தட்டிப் பார்த்துப் பதமறிந்து எடுக்க வேண்டும், சற்றுத் தாமதித்தால் தோல் வெடித்துவிடும். அந்தத் தீக்கு வேண்டிய விறகைத் தேடுவது நடத்துகிறவனுடைய கடமை. கவ்வாத்து வெட்டிய மிலாறு சீக்கிரம் பற்றும், சீக்கிரம் அணையும். நின்று எரிவதற்குக் காய்ந்த சவுக்குக் கட்டை வேண்டும். எமன் வருகிற காட்சியில் எல்லாத் தப்புகளும் ஒருங்கே முழங்க வேண்டியிருப்பதால், அதற்குச் சற்று முன்னே ஒரு விகடப் பாத்திரத்தை ஆடவிட்டு, அந்த இடைவெளியில் தோல்களையெல்லாம் காய்ச்சிக்கொள்வோம். பார்ப்பவர்கள் அது சிரிப்பதற்காக வைத்த இடமென்று நினைப்பார்கள்.

அடுத்துக் கேட்க வேண்டியவர்கள், ரதியும் மதனுமாக வேஷம் கட்டுபவர்களின் வீட்டார். ரதி வேஷம் ஆண்மகனே தரிப்பது எங்கள் வழக்கம். காப்புக் கட்டியது முதல் அவன் விரதம் காக்க வேண்டும், கவிச்சி கூடாது, மனைவியோடு ஒதுங்கியிருக்க வேண்டும், துக்க வீட்டுக்குப் போகலாகாது. இத்தனைக்கும் உடன்படுகிறவள் அவன் மனைவியே ஆகையால், சம்மதம் அவளிடத்தில் பெறவேண்டும் என்பது வாத்தியாரின் சித்தாந்தம். பிள்ளைப்பேறு வேண்டியோ, நோய் தீர வேண்டியோ நேர்த்திக்கடனாக வேஷம் ஏற்பவர்களும் உண்டு. அவர்களுக்குச் சாரீரம் இல்லையென்று மறுக்க முடியாது. பாடத் தெரியாத பக்தனுக்குத் தூதன் வேஷமோ நந்தி வேஷமோ கொடுத்து, பாட்டைப் பின்பாட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிடுவோம். ஒத்திகைக்கு ஒரு காம்பராவை யாராவது ஒழித்துத் தருவார்கள். பத்தடிக்குப் பத்தடியான அந்த அறையில், அடுப்புப் புகைக்கும் தூங்குகிற குழந்தைகளுக்கும் நடுவே, காலடி வைக்க இடமின்றி, அடவைக் கைவிரலால் தரையில் ஆடிக் காட்டிக் கற்றுக்கொடுத்ததை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

அப்படிப் பழக்கிய ஆட்களைச் சட்டம் வந்து பிரித்துக்கொண்டு போயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. கடதாசியில் இவை எண்கள். எங்களுக்கோ, ஒரு லயத்தில் ரதி போனார், மற்றொரு லயத்தில் மத்தளக்காரர் போனார், தங்கையின் குடும்பம் போக அண்ணன் குடும்பம் நின்றது. ஹற்றன் ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாரை நோக்கிப் புறப்பட்ட ரயிலுக்கு ஜனங்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்தார்கள். போகிறவர்கள் பெட்டியில் அடைத்த சாமான்களோடு கூத்துப் பாட்டுக் கொப்பியையும் கொண்டு போய்விடலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. கொப்பி ஒன்றுதான் இருந்தது. வாத்தியார் அதைத் தையல் பிரித்துத் தாள் தாளாக எடுத்து, எழுதத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்து, இரவோடிரவாகப் பிரதி செய்வித்தார்; மூலம் கூடலூர்ப் பக்கம் போன ரதியோடு போயிற்று, பிரதி எங்களிடம் தங்கிற்று. மூலத்தை ஏன் கொடுத்தீர்களென்று கேட்டவருக்கு, "இங்க தப்பு இருக்கு, களம் இருக்கு, பாக்க ஆளு இருக்கு. அவனுக்கு அங்க என்னா இருக்கு?" என்று பதில் சொன்னார்.

மூன்றாவதாகக் கேட்க வேண்டியவர்கள் பெண்கள். சேலையும் நகையும் அவர்களிடமிருந்தே வருகின்றன. ரதிக்கு உடுத்துகிற கூறைச்சேலை ஒரு வீட்டில், ஒட்டியாணம் ஒரு வீட்டில், சவுரி ஒரு வீட்டில் என்று இரவல் வாங்கி, எது யாருடையதென்று குறித்து வைத்து, விடிந்ததும் மடித்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அரிதாரம் பட்ட சேலையைத் துவைக்காமல் திருப்பிக் கொடுத்தால் மறு வருஷம் அந்த வீட்டுக் கதவு திறவாது. ஆயினும் பெண்கள் தருகிற மிகப் பெரிய இரவல் சேலையன்று. காமன் எரிந்த இரவில் ரதி புலம்பத் தொடங்கியதும், களத்தைச் சுற்றிக் கம்பளிக்குள் முடங்கியிருக்கும் பெண்கள் தாமும் குரலெடுப்பார்கள். மன்மதனுக்காகத் தொடங்கிய ஒப்பாரி, செத்துப்போன தத்தம் புருஷனுக்காகவும் பிள்ளைக்காகவும் கப்பலேறிப் போன உடன்பிறப்புக்காகவும் மாறிவிடும். அந்நேரத்தில் பாட்டைத் தொடர வேண்டுமென்று பின்பாட்டுக்காரர் அவசரப்படுவார். நடத்துகிறவன் கையமர்த்தி நிறுத்த வேண்டும். எவ்வளவு நேரம் நிறுத்துவது என்பதற்கு எந்தக் கொப்பியிலும் விதி எழுதியிருக்கவில்லை. அழுகை தானாக மெலிந்து, யாரோ ஒரு கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஆகட்டும், பாடுங்க அய்யா" என்று சொன்ன பிறகே தப்பு மறுபடியும் தொடங்கும்.

கடைசியில் துரை. துரைத்தனத்திடம் களம் கேட்பது எளிதாக இருந்த காலம் எனக்குத் தெரிந்தவரை இல்லை; கேட்கப்பட்டவர்களே மாறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் துரைமாரில் சிலர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சிறிது நேரம் நின்று பார்த்துப் போவார்களாம். 1975இல் பெருந்தோட்டங்கள் அரசாங்கத்தின் வசமாயின. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும், கூத்தென்றால் என்ன, எத்தனை இரவு, குடித்துச் சண்டை வருமா, மறுநாள் வேலைக்கு ஆள் வருமா என்ற அதே கேள்விகளுக்குப் புதிதாக விடை சொல்ல வேண்டியிருந்தது. தோட்டமென்பது வேலியிட்ட ராஜ்யம். தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் அந்நாளில் புடைவை வியாபாரிபோல் வேஷம் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்தார் என்பது மலைநாட்டில் யாவரும் அறிந்த விருத்தாந்தம். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாட்டுப் பாடியே ஜனங்களைத் திரட்டினார். ஜனங்கள் கூடுவதையே சந்தேகத்தோடு பார்த்த அவ்விடத்தில், சாமி காரியம் என்ற பெயரில் இரவு முழுதும் ஒருங்கே உட்கார்ந்திருக்க அநுமதி கிடைத்தது கூத்தினால்தான். கூத்துக்கு வெளியே பேசப்பட்ட விஷயங்களும் அந்த இரவுகளில் பேசப்பட்டன என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சம்பள நாள் கழிந்து வீட்டுக்கு வீடு வரி எடுப்போம். பணமில்லாதவர் தேங்காயோ அரிசியோ சீனியோ கொடுப்பார். அதுவும் இயலாதவர் ஓர் இரவு தேத்தண்ணி ஊற்றுவார். கம்பம் கட்டுவதற்குப் பேய்க்கரும்பும் ஆமணக்கும் எங்கள் பக்கத்தில் தேடிக்கொள்ளலாம். வைக்கோல் பிரிக்கு மட்டும், நெல் விளையாத உயரமாதலால், கீழ்நாட்டுக்குப் போய்வருகிற லொறிக்காரரின் தயவு வேண்டும். வேதக்காரக் குடும்பங்கள் வரி கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர். எனினும் பெட்ரோமாக்ஸ் விளக்கு அவர்கள் வீட்டிலிருந்துதான் பல வருஷங்கள் வந்தது, நத்தார் பஜனைக்கு எங்கள் டோலக்கு அங்கே போயிற்று. மன்மதன் எழுந்த மறுதினம், வரவு செலவு முழுவதையும் களத்தில் நின்று உரக்க வாசிப்போம். மிச்சம் இருந்தால் அடுத்த வருஷத்துக்கு வைப்பதில்லை. பாத்திரமோ ஜமக்காளமோ வாங்கி ஊருக்குப் பொதுவாக்கிவிடுவோம். பெட்டியில் பணம் தங்கினால் பெட்டிக்குச் சாவி வேண்டும், சாவியைத் தொடர்ந்து கட்சி வரும் என்பது வாத்தியார் கண்ட அநுபவம்.

இப்பொழுது இளைஞர்கள் கட்டடம் ஒன்று வேண்டுமென்கிறார்கள். கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை பார்த்துவிட்டு மாசிக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் அவர்கள். ஆராதனை நின்றுபோன தேவாலயங்களைச் சீமையில் கிராமத்தார் எடுத்துச் சங்கீத மண்டபங்களாகவும் நாடக அரங்குகளாகவும் நடத்துகிறார்கள் என்றும், லண்டன் வெஸ்ட் கென்சிங்டனில் முன்னொரு காலத்தில் தேவாலயமாயிருந்த கட்டடத்திலேதான் பாரதிய வித்யா பவன் பரதமும் கர்நாடக சங்கீதமும் கற்பிக்கிறது என்றும் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். அவ்வளவு தூரம் போவானேன், கம்பளைக்கு அருகே பீக்கொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றையே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்களே. துரைமாருக்கென்று எழுந்து இன்று பூட்டிக் கிடக்கிற ஏதேனும் ஒரு கட்டடத்தை நாமும் கேட்டால் என்ன என்பது அவர்களுடைய வாதம்.

நியாயமான வாதம்தான். பாட்டுக் கொப்பியைக் கறையான் தின்னாமல் வைக்கவும், தப்பைப் பனியிலிருந்து காக்கவும், மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக்கொடுக்கவும் கூரை வேண்டும். மடகொம்புரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டம் தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் புத்தகமாயின. அவர் தொகுக்காமல் விட்டிருந்தால் அவற்றில் எத்தனை பாட்டு இன்று பாடுவாரின்றிப் போயிருக்கும்! ஆகையால் கட்டடத்தைக் கேளுங்கள் என்றே சொன்னேன். ஆனால் கம்பத்தை அதற்குள்ளே ஊன்ற வேண்டாம் என்றும் சொன்னேன். கம்பம் ஊன்ற மண் வேண்டும், காமனை எரிக்க வானம் வேண்டும்; அது ஒரு காரணம். மற்றொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. சொந்தமான மண்டபத்தில் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. வருஷந்தோறும் கேட்டதனால்தான் தப்புக்காரர் வீட்டுக்கும் ரதி வீட்டுக்கும் வேதக்காரர் வீட்டுக்கும் லொறிக்காரர் வீட்டுக்கும் நாங்கள் போனோம். போனதனால்தான், கூத்து நடந்த அத்தனை இரவும், அதில் தமக்கும் பாத்தியதை உண்டென்று அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

கைத்தொலைபேசியில் கூத்து முழுவதையும் படம் எடுத்து வைத்திருப்பதாக என் பேரன் முறையுள்ள பிள்ளை ஒருவன் பெருமையோடு காட்டினான். பாட்டு தெளிவாகக் கேட்கிறது. அடவும் பிசகின்றித் தெரிகிறது. இனி அதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த மாசிக்கு நடத்துகிற பொறுப்பை அவனே ஏற்கப்போகிறான். ஆதலால், படத்தில் ஏறாத அந்த ஒன்றை மட்டும் அவனுக்குச் சொன்னேன்: யாரை முதலில் கேட்பது, வெற்றிலையை எப்படிக் கொடுப்பது, இரவல் சேலையை எந்த வீட்டில் சேர்ப்பது. "கட்டடம் கெடச்சாலும் கேக்கணுமா தாத்தா?" என்றான். கட்டடம் கிடைத்த பிறகுதான் அதிகமாகக் கேட்க வேண்டுமென்றேன்.